பால்ரஸா, சீல்டு பேரிங்கா: மும்பை மழைக்கு எந்த ஹப்?

சயானிலிருந்து பரேலுக்குத் தினமும் ஃபிக்ஸியில்தான், அதாவது சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒற்றைக் கியர் சைக்கிளில்தான், வேலைக்குப் போய்வருகிறேன். ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தண்ணீர் தேங்கினால், சில நாள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முங்க முங்கத்தான் போகவேண்டியிருக்கும். அதனால் இந்த ஊரில் ஹப் வாங்கும்போது நான் எடையைப் பார்ப்பதில்லை. தண்ணீர் புகுந்தபின் அதை மீட்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

பால்ரஸ் எனும் எஃகுக் குண்டுகள், கப் என்ற கிண்ணத்துக்கும் கோன் என்ற கூம்புக்கும் நடுவே உருளும் கப்-கோன் ஹப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் சைக்கிள் பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஷிமானோ டூரா-ஏஸ் 7600 இந்த வகைதான். கோனைப் பதமாக இறுக்கிவிட்டால் அது சுழலும் சுகமே தனி. கோன் தேய்ந்தால் மாற்றலாம். கப் அப்படியல்ல, ஹப்பின் உடலோடு அழுத்திப் பொருத்தியது.

போன மழை முடிந்ததும் என் பழைய ஹப்பைத் தாராவியில் அண்ணாச்சி கடையில் ஓவராயிலுக்குப் பிரித்தோம். கிரீஸ் பால் விட்ட காப்பி நிறத்தில் குழைந்து வந்தது. அண்ணாச்சி ஒரு பால்ரஸைத் துடைத்து விரல்நுனியில் உருட்டிக் காட்டினார். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி, மறுபக்கம் துருப்பொட்டு. கப்புக்குள் நகத்தை ஓட்டினால் குழி தட்டியது. “பால்ரஸ மாத்திரலாம் தம்பி. கப்புல குழி விழுந்துட்டுல்லா, இனி எத்தன கிரீஸ் வச்சாலும் கரகரன்னுதான் ஓடும்” என்றார்.

குண்டுகள் மூடிய வளையத்துக்குள்ளேயே இருக்கும் சீல்டு பேரிங் ஹப்பில் இந்தக் கதை வேறு மாதிரி முடியும். ரப்பர் மூடி தண்ணீரைக் கொஞ்ச காலம் தடுக்கும், என்றைக்கும் அல்ல. புகுந்துவிட்டால் பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது போட்டால் போதும், ஹப் பிழைத்துவிடும். பல ஹப்களில் இருப்பது 6000 எண் பேரிங்: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ. சின்ன மோட்டார்களிலும் ஓடுவது இதே எண்தான் என்பதால் நாக்தேவி தெரு பேரிங் கடைகளில் கேட்டாலே கிடைக்கும். ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். உள் வளையத்தில் தட்டினால் புதிய பேரிங்கே கெட்டுவிடும். ஃபார்முலா, நோவாடெக் கம்பெனி ஹப்களே போதும். ஃபில் வுட் அருமையான ஹப், ஆனால் தெருவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

எந்த வகை எடுத்தாலும் மரையைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபிக்ஸ்டு பக்கத்தில் இரண்டு படி இருக்கவேண்டும்: பல்சக்கரத்துக்கு வலது மரை, அதற்கு வெளியே சற்றுச் சிறிய இடது மரை. பெடலை எதிர்த்து மிதிக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். இடது மரையில் இறுகிய லாக் ரிங்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஃப்ரீவீல் (மிதிக்காதபோது பெடலைச் சுற்றவைக்காத பல்சக்கரம்) மரை மட்டும் உள்ள ஹப்பிலும் பல்சக்கரம் ஏறிவிடும், அளவு ஒன்றுதான். அதில் பசை போட்டு ஒட்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பதறுகிறது. மேம்பாலத்து இறக்கத்தில் அது கழன்றால் கால் சும்மா சுற்றும். நல்ல ஹப்பே என்றாலும் முன் பிரேக் கட்டாயம்.

டிராக் ஹப்பின், அதாவது இந்த ஃபிக்ஸ்டு வகை ஹப்பின், பின் அகலம் 120 மி.மீ. பழைய கியர் சைக்கிளை மாற்றுபவர்கள் சட்டத்தின் பின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 126, 130 என்றால் ஆக்ஸிலில் வாஷர் சேர்க்கவேண்டும், ஆக்ஸில் நீளமும் போதவேண்டும். ஸ்போக் கோக்கும் விளிம்பு பெரிதா சிறிதா என்பது பெரும்பாலும் அழகுக்குத்தான். நம் பள்ளங்களுக்கு 32 ஸ்போக்ஸுக்குக் கீழே போகவேண்டாம்.

நான் எடுத்தது சீல்டு பேரிங், 32 துளை, ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல். சக்கரம் கட்டிக் கோட்டம் எடுத்துக் கொடுத்த அண்ணாச்சி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொன்னார். போனேன். மிதித்த மிதியில் பல்சக்கரம் இன்னும் உள்ளே அமர்ந்திருந்தது. லாக் ரிங் கால் சுற்று உள்ளே போனது.