மாலுமிகளின் தாய்மார் சங்கங்கள்: பார்சல் சேவை எப்படி?

1930இல் டெக்சாஸில் உருவான அமெரிக்கக் கடற்படைத் தாய்மார் சங்கத்தின் வழியில் வந்து, கப்பலில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சல் அனுப்பும் குழுக்களின் பெரிய பலம் அனுபவம்தான். கப்பலுக்குப் பார்சல் போடுவது ஊருக்குள் அனுப்புவது போல அல்ல. பெயர், கப்பல், எஃப்.பி.ஓ. (கடற்படைத் தபால் நிலையம்) குறியீடு, ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் எண்) மட்டுமே முகவரி. கப்பல் நிற்கும் துறைமுகத்தையோ நாட்டையோ எழுதினால் பார்சல் வெளிநாட்டுத் தபாலில் போய் அலையும். சுங்கப் படிவமும் கட்டாயம்.

ராணுவத் தபாலுக்கான பெரிய ஃபிளாட் ரேட் பெட்டி 12×12×5.5 அங்குலம், 70 பவுண்டு வரை ஒரே கட்டணம். கனமான பொருள்களுக்கு அதுவே லாபம். சோப்பையும் தின்பண்டத்தையும் தனித்தனி ஜிப் பைகளில் போடச் சொல்கிற குழுவை நம்பலாம். ஒன்றாகப் போட்டால் பிஸ்கட்டெல்லாம் சோப்பு வாசனைதான். சாக்லேட் உருகிவிடும், வேண்டாம். ஸ்பிரே டப்பா கூடவே கூடாது.

குறை தாமதம்தான். பெரும்பாலும் கப்பலுக்குச் சரக்கு ஏறும்போதுதான் தபாலும் ஏறும்; வாரக்கணக்கில் ஆகலாம். பண்டிகைப் பார்சலை நவம்பர் தொடக்கத்திலேயே கட்டுகிற குழுவில் சேருங்கள். முதல்முறை பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய அம்மாக்களுக்கு இந்தத் துணை மிகப் பெரிது.