வெண்மணி பற்றி நான்கு புத்தகங்கள்: எதை முதலில் எடுப்பது?

நண்பர் ஒருவரின் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "மாமா, கீழ்வெண்மணியப் பத்தித் தெரிஞ்சுக்க ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும்னா எதப் படிக்கட்டும்?" சட்டென்று பதில் வரவில்லை. அலமாரியில் நான்கு இருந்தன: மூன்று நாவல்கள், ஒரு கட்டுரைத் தொகுப்பு. நான்கையும் வெவ்வேறு வயதில் படித்திருந்தேன். எது எந்த அளவுக்கு நிற்கிறது என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே இரண்டு மாதம் ஒதுக்கி எல்லாவற்றையும் மறுபடி படித்தேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே, நாகப்பட்டினம் பக்கத்துச் சிற்றூர் கீழ்வெண்மணி; சுருக்கமாக வெண்மணி. கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் மிராசுதார்களின் ஆட்கள் புகுந்தார்கள். ஓட முடியாதவர்கள் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலனும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது. 1980-இல் நாயுடு கொல்லப்பட்டார்.

நான்கு புத்தகங்களிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: ஏன் எரித்தார்கள்? நடை, அமைப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நான்கில் மூத்தது. 1977-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படமும் இதிலிருந்து வந்ததுதான். டில்லியிலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கிவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் நண்பன் சிவா, டீக்கடை வடிவேலு, கம்யூனிஸ்ட் ராமையா, பண்ணையார் கண்ணையா நாயுடு. படிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க முடியாது. உரையாடலை வைத்தே ஓர் ஊரின் மூச்சுமுட்டலைக் காட்டிவிடும் திறமை அவருக்கு உண்டு. படித்த நகரத்து மனிதர்கள் கிராமத்துக்கு வந்து நியாயம் பேசும்போது உள்ளே அரிக்கும் குற்ற உணர்ச்சியையும் இந்த நாவல் நேர்மையாகச் சொல்கிறது. இருபது வயதில் படித்தபோது கோபாலோடு சேர்ந்து நானும் கொதித்தேன். பல இரவு தூக்கம் வரவில்லை.

இந்த முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அடியில் அவருடைய ஆண்மைக் குறையை நாவல் வைக்கிறது. அதை மறைக்கத்தான் அவர் பெண்களையும் ஊரையும் ஆட்டிப்படைக்கிறார் என்று மனோதத்துவ வழியில் கதை நகர்கிறது. வெளிவந்த காலத்திலேயே இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போது அவர்களுடைய கோபம் எனக்கு மிகையாகப் பட்டது. நாவல் செய்தித்தாள் இல்லையே, பாத்திரத்துக்கு ஓர் உள்மனம் கொடுக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டே என்று வாதாடியிருக்கிறேன். உரிமை உண்டு, இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் ஏன் எரித்தார்கள் என்று கேட்டால், ஒரு தனி மனிதனின் உடம்பில் இருந்த குறையை இந்த நாவல் காட்டுகிறது. அந்த மனிதன் வேறு மாதிரி இருந்திருந்தால் அந்தக் குடிசை எரிந்திருக்காது என்று படிப்பவர் நினைத்துவிட இடம் இருக்கிறது. நெல்லும் கூலியும் சாதியும் பின்னணித் திரையாக ஒதுங்கிவிடுகின்றன. தஞ்சையில் அன்று ஒரு சங்கமாகவே சேர்ந்து நின்ற மிராசுதார்களை ஒற்றை ஆளின் மனக்கோளாறாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெண்மணிக்கும் இந்த நாவலுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பிளவு எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் எழுத்தாக இது அவ்வளவு நல்ல நாவல்.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999-இல் வந்தது. கலை நயத்தில் 'குருதிப்புனலுக்கு' ஒரு படி கீழேதான். சில இடங்களில் கதை நின்று சொற்பொழிவாகிவிடுகிறது, கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ஆனால் கீழத்தஞ்சைப் பேச்சு இதில் அப்படியே ஓடுகிறது. என் அப்பாயி நடவு நட்டவள். அவள் பேசிய வார்த்தைகளை வேறெந்த நாவலிலும் இவ்வளவு அடர்த்தியாக நான் கண்டதில்லை. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள்தான் இந்தக் கதையின் நடுவில் நிற்கிறார்கள். வெளியூரிலிருந்து யாரும் வந்து அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. பண்ணையாள் முறை, சவுக்கடி, சாணிப்பால் புகட்டும் தண்டனை, அதையெல்லாம் எதிர்த்துச் சங்கம் கட்டியது என்று அந்த மண்ணுக்கு ஒரு நீண்ட நினைவு உண்டு. அந்த நினைவுக்குள்ளிருந்து எழுதப்பட்டதால், கேள்விக்கான பதிலும் சரியான இடத்தில் விழுகிறது. குனிந்தே இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், அதைப் பொறுக்க முடியவில்லை.

மீனா கந்தசாமியின் 'தி ஜிப்ஸி காடஸ்' (2014) ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் சார்பில் கோபாலகிருஷ்ண நாயுடு முதலமைச்சருக்கு அனுப்பும் மனுவோடு நாவல் தொடங்குகிறது. கொலை செய்யப்போகிறவரின் குரலில், தன்னையே பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொள்ளும் அந்த மனுவைப் படிக்கும்போது உடம்பு கூசியது. அருமையான தொடக்கம். அதற்கப்புறம் கதைசொல்லி வாசகரோடு சண்டை போட ஆரம்பிக்கிறார்: நாவல் என்றால் என்ன, இப்படி ஒரு கொலையை எப்படிக் கதையாக்குவது, உனக்கு என்ன எதிர்பார்ப்பு என்று பல பக்கங்கள். கேள்விகள் நியாயமானவை, ஆனால் வெண்மணியைத் தேடி வந்த எனக்கு எழுத்தாளரின் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. பாதியில் மூடிவைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூடாமல் போனது நல்லதாயிற்று. தீ வைக்கும் இரவை ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறார். முற்றுப்புள்ளி இல்லை, மூச்சு விட இடமில்லை. குடிசைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு இல்லாத வழி படிக்கிறவருக்கும் இல்லை. நான்கு நூல்களிலும் அந்த இரவை நேருக்கு நேர் பார்த்த எழுத்து இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அதுவரை என்னைச் சோர்வடைய வைத்த அத்தனை பக்கங்களையும் அந்த அத்தியாயத்துக்காக மன்னித்தேன். உயிர் தப்பியவர்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் இந்த நூல் கைவிடவில்லை. செத்தவர்களோடு கதையை முடித்துவிடாமல், மிச்சமிருந்தவர்களின் பைத்தியம் பிடித்த துக்கத்தோடும் கொஞ்ச தூரம் நடக்கிறது.

கடைசியாக மைதிலி சிவராமனின் 'ஹான்டட் பை ஃபயர்'. வ. கீதாவும் கல்பனா கருணாகரனும் தொகுத்து 2013-இல் லெஃப்ட்வேர்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்தவர் மைதிலி. அதை விட்டுவிட்டு 1968-இல் ஊர் திரும்பினார். எரிந்த ஊருக்குச் சம்பவத்தை அடுத்து நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பல விஷயங்கள் பற்றிய கட்டுரைகள் இதில் உண்டு. வெண்மணிப் பகுதிதான் இங்கே என் கணக்கு.

இவர் அழவைக்க முயலவே இல்லை. அன்றைய தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்து, புதிய நெல் ரகங்கள் வந்து, விளைச்சல் ஏறியபோது அந்த லாபம் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்கிறார். உள்ளூர் ஆட்கள் கூலி உயர்வு கேட்டால், அறுவடைக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டு வரும் தந்திரம் எப்படி வேலை செய்தது, கூலிக்காரர்கள் ஒரு கொடியின் கீழ் நின்றபோது மிராசுதார்களும் தங்களுக்கென ஒரு சங்கம் கட்டிக்கொண்டது ஏன் என்று படிப்படியாக அவிழ்க்கிறார். இதைப் படித்து முடித்தபோதுதான் அரைப் படி நெல் என்பது எவ்வளவு கனமானது என்று எனக்குப் புரிந்தது. அரைப் படி கொடுத்திருந்தால் எந்த மிராசுதாரும் ஏழையாகியிருக்க மாட்டார். கேட்டு வாங்கும் பழக்கம் வந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய பயம். ஏன் எரித்தார்கள் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் அசைக்க முடியாதது இதுதான். தீர்ப்பைப் பற்றிய அவருடைய கோபமும் அடங்கிய குரலில்தான் வருகிறது. அதனாலேயே அதிகம் சுடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் காலக் கட்டுரைகளில் வர்க்கம் முன்னால் நிற்கிறது, சாதி அதன் நிழலில் வருகிறது. எரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் தலித்துகள் என்பதற்கு இன்னும் நேரடியான கனம் கொடுத்திருக்கலாம். அதோடு, ஒரு குழந்தையின் முகம், ஒரு கிழவியின் பேச்சு என்று மனதில் ஒட்டிக்கொள்ளும் மனிதர்கள் இதில் குறைவு. கட்டுரை என்பதால் அதை எதிர்பார்ப்பதும் சரியில்லைதான். ஆனால் அந்த இடத்தில்தான் 'செந்நெல்' இதற்குத் துணை வருகிறது. ஒன்று காரணத்தைச் சொல்கிறது, மற்றது அந்தக் காரணத்துக்குள் வாழ்ந்தவர்களைக் காட்டுகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த வாரம், வேறெதையும் கையில் எடுக்க மனம் வரவில்லை.

அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரே புத்தகம் என்று சொல்லாமல் ஒரு வரிசை சொன்னேன். முதலில் மைதிலி, வெண்மணிக் கட்டுரைகள் மட்டும் போதும், ஆங்கிலம் எளிமையானதுதான். உடனே 'செந்நெல்'. பேச்சு வழக்கு புரியாத இடங்களில் பாட்டியைக் கேள் என்றேன், அவளுடைய பாட்டியும் திருவாரூர்ப் பக்கம்தான். அப்புறம் மீனா கந்தசாமி, அலுத்தாலும் விடாமல் அந்த ஒற்றை வாக்கிய அத்தியாயம் வரைக்கும் போ.

"அப்போ குருதிப்புனல் வேண்டாமா?" என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? என்னை முதன்முதலில் வெண்மணிக்குக் கூட்டிப்போனதே அந்த நாவல்தான். கடைசியாகப் படி என்றேன். கண்ணையா நாயுடு வரும் இடங்களில் மட்டும் பென்சிலை எடுத்து வைத்துக்கொள், மைதிலி சொன்னதையும் பக்கத்தில் திறந்து வை. அலமாரியிலிருந்து நான்கையும் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். 'செந்நெல்' பிரதியின் முதுகு கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரித்துப் படி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.