எண்ட்ஆஃப்லைஃப் டாட் டேட்: திகதிக்கு நம்பலாம், முடிவு உங்கள் கையில்

கொழும்பில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள் எண்ட்ஆஃப்லைஃப் டாட் டேட் (endoflife.date) என்ற இணையத் தளத்தை இன்றைக்கே சேமித்து வையுங்கள். காசு கட்டத் தேவையில்லை. பைதன், பிஎச்பி போன்ற நிரலாக்க மொழிகள், உபுண்டு, விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அதில் எந்தப் பதிப்புக்கு எந்த நாள் வரை ஆதரவு, அதாவது திருத்தங்கள் வரும் என்று ஒரே அட்டவணை. பைதன் பக்கத்தில் 3.8 சிவப்பாக நிற்கிறது, 2024 ஒக்டோபரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம்கூட நின்றுவிட்டது. இந்தத் திகதிகளை உங்கள் போன் கலண்டரிலேயே வரவைக்கவும் முடியும், எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான்.

ஆனால் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்து பழைய பதிப்பைக் கைவிட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைதன் 3.8தான், 3.9ஐ அதில் நிறுவவே முடியாது, அந்த அட்டவணையில் இதற்கென்று ஒரு நிரல் (column) இல்லை. செட்டியார் தெரு நகைக்கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் கொம்பியூட்டர் இன்னும் விண்டோஸ் 7 என்றால், 3.8ஐ விடுகிறோம் என்பது முதலாளியிடம் "புது மெஷின் வாங்குங்கோ" என்று சொல்வதற்குச் சமம், இப்போதைய விலைக்கு அது லேசான பேச்சில்லை. அதனால் விண்டோஸ் பக்கத்தையும் சேர்த்துத் திறந்து முதலாளிக்கே காட்டுங்கள்: விண்டோஸ் 7க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் பெயரும் கடன் கணக்கும் உள்ள மெஷின் அப்படிக் கிடப்பது அவருக்குத்தான் ஆபத்து.

லினக்ஸ் சேர்வர் என்றால் கதை வேறு. ரெட் ஹட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 பைதன் 3.9ஓடு வருகிறது, 3.9இன் காலம் 2025 ஒக்டோபரில் முடிந்தாலும் அதற்கான திருத்தங்களை ரெட் ஹட் தானே கொடுக்கிறது, அங்கே அவசரப்படத் தேவையில்லை. அதற்காக எல்லாப் பதிப்பையும் காலத்துக்கும் இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. பைதனில் இணைய மென்பொருள் கட்ட உதவும் ஜாங்கோவின் 5.0 பதிப்பு குறைந்தது பைதன் 3.10 கேட்கிறது, 3.8ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் ஜாங்கோ 4.2ஐத் தாண்ட வழியில்லை.

எங்கள் இடத்தில் பைதன் 3.8இல் ஓடும் கடைகளுக்காக எங்கள் மென்பொருளின் தனிப் பிரதி ஒன்றை, ஒரு கிளையாக, வைத்திருக்கிறோம். புது வசதி எதுவும் அதில் சேராது, கணக்குப் பிழையும் வரி மாற்றமும் மட்டும்தான். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது போல ஒன்று வந்தால் பழைய மெஷின் கடையும் அன்றைக்கே சரியான பில் கொடுக்கவேண்டும், அதில் சமரசம் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். 3.8 முதலான பைதன் பதிப்புகளின் ஆயுள் ஒக்டோபரில்தான் முடியும், தீபாவளி வியாபாரமும் அந்தப் பக்கம்தான். அந்த நேரம் புறக்கோட்டையில் எந்தக் கடையும் கவுண்டரில் கைவைக்க விடாது. தளம் சொல்லும் திகதியை அப்படியே அறிவிக்காமல், பழைய பதிப்பை நிறுத்தும் வேலையை ஒன்றில் ஆவணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் தைப்பொங்கல் கழிந்த பிறகு வையுங்கள், எதுவானாலும் ஆறு மாதம் முன்கூட்டியே கடைக்காரருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். எந்தப் பதிப்பு எந்த விண்டோஸில் ஓடும் என்று ஒரு நிரல் சேர்த்தால் மிச்சம் ஒன்றையும் கொடுப்பேன்.