ஓமுரோ மலை லிஃப்ட்டும் அப்பாவின் தொப்பியும்

ஜப்பானின் இஸு தீபகற்பத்தில் இருக்கும் ஓமுரோ மலைக்கு அப்பாவைக் கூட்டிப்போகத் துணிந்ததே அந்த நாற்காலி லிஃப்ட்டை நம்பித்தான். மலை 580 மீட்டர்தான். ஆனால் அவர் முட்டிக்கு ஐம்பது படியே அதிகம். இங்கே சரிவில் யாருமே கால் வைக்கக் கூடாது. ஏறவும் இறங்கவும் லிஃப்ட்தான்.

நாங்கள் போனது பிப்ரவரிக் கடைசியில். ஆண்டுதோறும் அந்த மாதம் மலையின் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடுவார்கள். 700 ஆண்டுப் பழக்கமாம். பச்சைப்பசேலென்ற படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், மலையே கருகிக் கிடந்தது. "அடுப்புல கிடந்த கொட்டாங்குச்சியக் கவுத்து வச்சாப்ல இருக்கு" என்றார் அப்பா. எனக்கென்னவோ இந்தக் கோலம்தான் பிடித்தது. புல் இல்லாததால் எரிமலையின் உருவம் மறைவில்லாமல் தெரிகிறது.

லிஃப்ட்டில் இருவர் இருவராக உட்காரலாம். நாற்காலி நிற்காது, வரும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். அப்பா தடுமாறியதும் பணியாளர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். சில நிமிடத்தில் உச்சி.

மேலே நடுவில் 70 மீட்டர் ஆழத்துக்குப் பெரிய பள்ளம், அதன் அடியில் அம்பெய்யும் களம்! விளிம்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பாதை. ஏற்ற இறக்கம் உண்டு, மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். பாதையோரக் கல்லைக் குனிந்து பார்த்தேன்: செங்கருப்பு, உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வாயு நிறைந்த எரிமலைக் குழம்பு நுரைத்துச் சிதறி, அப்படியே இறுகி விழுந்து குவிந்ததுதான் இந்த மலை. அப்போது அடிவாரத்தில் வழிந்த குழம்பு கடல்வரை ஓடியதால் உண்டானவைதான் ஜோகசாகி கரைப் பாறைகள். இந்த மலை அதோடு அடங்கிவிட்டது, மறுபடி வெடிக்கவில்லை.

பாதி சுற்றில் ஃபூஜி மலை தெரிந்தது. "அடேயப்பா, என்ன அழகு!" என்று அப்பா கத்திவிட்டார். இங்கே அப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். பள்ளத்துக்குள் இருக்கும் கோயிலின் தெய்வம் இவானகாஹிமே, ஃபூஜி தெய்வத்துக்கு அக்கா. தங்கைதான் அழகி என்று பெயர் வாங்கியவள். அக்காவின் வீட்டிலேயே நின்று தங்கையைப் புகழ்ந்தால் கெட்டது நடக்குமாம்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அடித்த காற்றில் அவர் தொப்பி பறந்து சரிவில் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. போய் எடுக்கவும் முடியாது. "அக்காவே வச்சுக்கட்டும்" என்று துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். காற்று பலமானால் லிஃப்ட்டையே நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.