கோடெக் டிரைவ்: வாங்கலாம், ஆனால் பழைய பிளாப்பி டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டரிலோ மிஷினிலோ பிளாப்பி டிரைவ் போய்விட்டது, அந்த இடத்தில் பிளாப்பிக்குப் பதில் பென்டிரைவை வைத்து ஓடும் கோடெக் (Gotek) டிரைவ் போடலாமா என்று ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் அது செய்யாத ஒரு வேலையை எதிர்பார்த்து வாங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். 3.5 அங்குல பிளாப்பி டிரைவ் அளவுக்கே ஒரு பெட்டி. பின்னால் அதே 34 பின் கேபிள், அதே சின்ன பவர் கனெக்டர். முன்னால் பிளாப்பி நுழையும் வாய்க்குப் பதில் ஒரு யுஎஸ்பி போர்ட், இரண்டு பட்டன், மூன்று இலக்க டிஸ்ப்ளே. பென்டிரைவில் இருக்கும் இமேஜ் கோப்பை, அதாவது ஒரு பிளாப்பியின் முழு நகலை எடுத்து, உள்ளே நிஜமாகவே ஒரு தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் என்ன சிக்னல் வருமோ அதை அப்படியே கேபிளில் அனுப்புகிறது. எதிரே இருக்கும் பழைய 486 கம்ப்யூட்டருக்கோ, மிஷினை ஓட்டும் சிஎன்சி கன்ட்ரோலருக்கோ வித்தியாசம் தெரியாது. ஒரு பிளாப்பியில் பக்கத்துக்கு 80 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். நாம் 1.44 எம்பி என்று சொல்லிவந்தது இதைத்தான். சாதாரண 8 ஜிபி பென்டிரைவில் இப்படி ஐயாயிரம் பிளாப்பிக்கு மேல் அடங்கும்.

நான் வாங்கியது எஸ்எஃப்ஆர்1எம்44-யு100 என்ற மாடல், ஆன்லைனில், ஒன்று 2000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஒன்று தருமபுரியில் எங்கள் டிடிபி கடையின் பழைய 486-ல் இருக்கிறது. இன்னொன்று ஓசூர் சிப்காட்டில் என் மச்சான் ஒர்க்‌ஷாப்பில் ஓடும் மில்லிங் மிஷினில். அந்த மிஷினுக்கு இரும்பில் ஒரு குறையும் இல்லை, புரோகிராம் ஏற்றும் பிளாப்பி டிரைவ் மட்டும் தேய்ந்துவிட்டது. சோனியே 2011 மார்ச்சோடு பிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது, புதுத் தட்டுக்கு எங்கே போவது? பல லட்சம் பெறுமானமுள்ள மிஷினை இந்த ஒரு காரணத்துக்காக ஓரங்கட்டாமல் காப்பாற்றிக் கொடுத்ததற்கே இந்தப் பெட்டிக்கு முழு மார்க் போடலாம்.

ஆனால் கம்பெனி கொடுக்கும் ஃபர்ம்வேரோடு (பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்படியே பயன்படுத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும். பென்டிரைவை அவர்களுடைய விண்டோஸ் மென்பொருளால் 000 முதல் 099 வரை நூறு துண்டாகப் பிரிக்க வேண்டும், எந்த எண்ணில் எது இருக்கிறது என்று தனியாகத் தாளில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் 037-க்குப் பதில் 073-ஐப் போட்டால் வேறு பாகத்தின் புரோகிராம் ஏறிவிடும். எனவே வாங்கிய கையோடு ஃப்ளாஷ்ஃப்ளாப்பி போட்டுவிடுங்கள். கீர் ஃப்ரேசர் என்பவர் எழுதி இலவசமாகத் தருகிற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் அது. அதன்பின் பென்டிரைவ் சாதாரண ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் போதும், இமேஜ் கோப்புகளைப் பெயரோடு, ஃபோல்டரோடு காப்பி செய்துகொள்ளலாம். சின்ன ஓலெட் திரையும் ஒரு திருகு குமிழும் வாங்கி வைத்துவிட்டால் கோப்பின் பெயரைப் படித்தே தேர்ந்தெடுக்கலாம், மச்சான் மிஷினில் அப்படித்தான் இருக்கிறது. இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோடு போய்வருவதே சுலபம். முதல் முறை ஃபர்ம்வேர் ஏற்ற இரண்டு முனையிலும் பெரிய யுஎஸ்பி இருக்கும் கேபிள் வேண்டும். அடுத்தடுத்த அப்டேட்டுக்குப் பென்டிரைவே போதும்.

பவர் கனெக்டரைச் செருகும்போது மட்டும் கவனம், கவனம், கவனம். கோடெக்குக்கு 5 வோல்ட் மட்டும்தான் தேவை, ஆனால் பழைய பிசியின் கனெக்டரில் 12 வோல்ட்டும் வரும். சில பெட்டிகளில் பின்களைச் சுற்றித் தடுப்பு கிடையாது, தலைகீழாகவோ ஒரு பின் தள்ளியோ செருகினால் அந்த நொடியே போர்டு காலி. அப்புறம், மிஷின்களுக்கு வாங்குகிறவர்கள் 34-வது பின்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பிசியில் அந்தக் கம்பி பிளாப்பி மாற்றப்பட்டதா என்று சொல்லும், வேறு பல கருவிகளில் அதே கம்பி டிரைவ் தயாரா என்று சொல்லும். பொருந்தவில்லை என்றால் மிஷின் பிளாப்பியே இல்லை என்று அடம்பிடிக்கும். ஃப்ளாஷ்ஃப்ளாப்பியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடுகிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். மிஷின் ஓடத் தொடங்கியதும் மச்சான் கேட்டது, "மாமா, அப்போ பீரோவுல கிடக்குற பழைய பிளாப்பியெல்லாம் இதுல படிச்சிரலாமா?" முடியாது. கோடெக்குக்குள் தட்டைப் படிக்கும் தலையும் இல்லை, அதைச் சுற்றும் மோட்டாரும் இல்லை. உங்கள் பிளாப்பியில் இருப்பது அப்படியே பிளாப்பியில்தான் இருக்கும், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டும் இருக்கும். கோடெக் வந்துவிட்டதே என்று பழைய டிரைவைக் கழற்றி காயலான் கடைக்குப் போடுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. படிக்கக்கூடிய ஒரே கருவியை எடைக்குப் போட்டுவிட்டு, தட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்து என்ன பயன்?

எனவே கோடெக் வாங்கும்போதே, பழைய தட்டுகளைப் படித்து இமேஜ் எடுக்க கிரீஸ்வீசல் (Greaseweazle) ஒன்றும் கூட வாங்குங்கள். இதுவும் அதே கீர் ஃப்ரேசர் உருவாக்கியதுதான். சின்ன போர்டு, ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் 34 பின் கேபிள். அதில் நிஜமான பழைய டிரைவை மாட்ட வேண்டும். இது கோப்புகளைப் படிப்பதில்லை, தட்டில் காந்தத் திசை எந்தெந்த நேரத்தில் மாறுகிறது என்பதையே பதிவு செய்கிறது, ஒரே டிராக்கைப் பல சுற்றுப் படித்துக்கொள்கிறது. அதனால் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி இயங்குதளம்) அல்லாத வேற்று ஃபார்மேட் தட்டுகளையும், அரைகுறையாகக் கெட்டுப்போனவற்றையும் முடிந்தவரை மீட்கலாம். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண டாஸ் பிளாப்பிகளுக்கு யுஎஸ்பி பிளாப்பி டிரைவே போதும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் விண்டோஸ் சில நேரம் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். அப்போது தப்பித்தவறி ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். படிக்கும் முன்பே ஓரத்தில் இருக்கும் சின்னத் தடுப்பை நகர்த்தி ஓட்டை திறந்திருக்குமாறு வைத்துவிட்டால் அதில் யாராலும் எழுத முடியாது.

பரணில் கிடந்த தட்டு என்றால் உலோக மூடியை விலக்கிப் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் தலையும் கெடும், அடுத்துப் போடும் தட்டும் கீறப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் தட்டை மெல்லச் சுற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு படியுங்கள்.

எங்கள் கடைக்கு இப்படிப் பழைய தட்டுகளை இமேஜ் எடுத்ததில்தான் பெரிய லாபம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்ததெல்லாம் பிளாப்பியில் இருந்தது. இமேஜ் எடுத்த பிறகு 86பாக்ஸ் எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளில் திறந்தோம். டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு எமுலேட்டர் எளிது, ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் போட்ட கணக்குகளுக்கு அதுவே போதும், ஆனால் 86பாக்ஸ் மதர்போர்டு, பயாஸ் முதல் 486-ஐ முழுசாகவே நடித்துக் காட்டுகிறது, விண்டோஸ் 3.1-ம் பேஜ்மேக்கரும் அன்று போலவே வருகின்றன. பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ரோம் தொகுப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்க் கோப்பு என்றால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அப்போது ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தியது. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம் (TAM), டாப் (TAB) என்று எழுத்துருக்களுக்குத் தரம் வைத்தும் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துரு பிளாப்பியில் இருக்காது, அன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் ஐடிஇ இணைப்பிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வாங்கி அந்த ஹார்ட் டிஸ்க்கையும் முழுசாக இமேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். எமுலேட்டருக்குள் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் டிரைவர் போட்டு, கோப்பாகவே பிரிண்ட் கொடுத்து, வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளால் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்தும் வடிவமும் கலையாமல் கிடைக்கிறது. பிரிண்டர் மாட்டும் பாரலல் போர்ட்டில் டாங்கிள் (திருட்டுப் பிரதியைத் தடுக்கும் சின்னப் பூட்டுக் கருவி) மாட்டினால்தான் ஓடும் தமிழ் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு எமுலேட்டர் உதவாது. அவர்கள் அந்தப் பழைய பிசியை உயிரோடு வைத்து, அதில் கோடெக் மாட்டி, கோப்பாகப் பிரிண்ட் கொடுக்கும் வேலையை அதிலேயே செய்துகொள்வதுதான் வழி.

5.25 அங்குலத் தட்டுகள் இன்னும் மீதி இருக்கின்றன, அதற்கு டிரைவ் கிடைக்கவில்லை. 1.2 எம்பி டிரைவ் 360 கேபி தட்டுகளையும் படித்துவிடும், எழுதத்தான் கூடாது, அதன் தலை மெல்லியது என்பதால் எழுதியது பழைய டிரைவில் சரியாகப் படிக்காமல் போகலாம். எனக்குப் படித்தால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் யாரிடமாவது அந்த டிரைவ் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து, ஓடுகிறதா என்று பார்த்து, நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். உங்களிடம் படிக்க வேண்டிய தட்டுகள் இருந்தால் அதே டிரைவில் உங்களுக்கும் இமேஜ் எடுத்துத் தருகிறேன்.