சிமுலேட்டர் மணியா, ஆகாய மணியா: ஏ.டி.பி.க்கு எது எவ்வளவு செல்லும்?

அமெரிக்காவில் விமானப் பயிற்சி முடித்து, பயணிகள் விமான நிறுவனத்தில் ஓட்டத் தேவையான ஏ.டி.பி. உரிமத்துக்கு வேண்டிய 1,500 மணி நேரத்தை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிமுலேட்டரில் உட்கார்ந்த நேரத்தையும் ஏ.டி.பி. உரிமத்துக்குக் கணக்கு காட்டலாமா?" காட்டலாம். ஆனால் எந்தக் கருவியில், யாருடைய பயிற்சித் திட்டத்தில், எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த நேரம் முழுதாகச் செல்லும், கொஞ்சம் செல்லும், செல்லாமலே போகும்.

முதலில் 1,500 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் 500 மணி தொலைதூரப் பறப்பு, 100 மணி இரவுப் பறப்பு, 75 மணி இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), 250 மணி தலைமை விமானியாகப் பறந்தது, எந்த வகை விமானத்துக்கு உரிமம் கேட்கிறோமோ அந்த வகையில் 50 மணி என்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. வேலை தேடுபவருக்கு அந்தக் கடைசிக் கணக்கு பெரும்பாலும் பல எஞ்சின் விமானத்தில் வர வேண்டும்.

வீட்டுக் கணினியில் ஓட்டும் சிமுலேட்டர் பழக்கத்துக்கு நல்லது, உரிமக் கணக்கில் பூஜ்யம். அடுத்த படி, பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் ஏ.ஏ.டி.டி. என்ற மேம்பட்ட பயிற்சிக் கருவி. அமெரிக்க விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. அந்தக் கருவிக்குக் கொடுத்திருக்கும் அனுமதிக் கடிதத்தில் இருந்தால் 75 மணி இன்ஸ்ட்ருமென்டில் 25 வரை இதில் எடுக்கலாம். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து பார்த்து லாக்புக்கில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து ஓட்டிய மணிகள் இந்தக் கணக்குக்கு உதவாது.

அதற்கு மேலே பெரும்பாலும் அசையாத எஃப்.டி.டி. என்ற காக்பிட் பயிற்சிக் கருவியும், கால்களின் மேல் நின்று அசையும் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரும். 1,500-இல் மொத்தம் 100 மணி வரை இந்த இரண்டில் சேர்க்கலாம். ஆனால் எஃப்.ஏ.ஏ. விதிகளின் 121, 135, 141, 142 ஆகிய பகுதிகளில் ஏதாவது ஒன்றின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்துக்குள் ஓட்டியதாக இருக்க வேண்டும். சும்மா வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு அந்த 100-இல் சேர்க்க முடியாது. 142-ஆம் பகுதிப் பயிற்சி மையத்தில் என்றால் இன்ஸ்ட்ருமென்ட் கணக்கில் 25-க்குப் பதில் 50 வரை ஏற்பார்கள்.

சிமுலேட்டர் உண்மையிலேயே கைகொடுப்பது பல எஞ்சின் கணக்கில்தான். இன்ஸ்ட்ரக்டராக வேலை செய்து மணி சேர்ப்பவர்களுக்கு ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் ஆயிரத்துக்கு மேல் சுலபமாக ஏறிவிடும், இரட்டை எஞ்சினில் மட்டும் ஏறாது. வாடகை அவ்வளவு அதிகம். அந்த 50-இல் 25 மணியை அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில், ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. எஃப்.டி.டி.க்கு இங்கே இடமே இல்லை. குறுகிய தூரத் தடங்களில் பறக்கும் பல ரீஜனல் விமான நிறுவனங்கள் "25 மணி பல எஞ்சின் இருந்தால் போதும், வா" என்று எடுப்பதன் காரணம் இதுதான்: மீதியை அவர்களுடைய பயிற்சியிலேயே முடித்துவிடலாம். அதனால் கைக்காசு போட்டு 50-ஐயும் ஆகாயத்தில் முடிக்க அவசரப்பட வேண்டாம் என்பேன். சேரப்போகும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.

சரி, மொத்த மணியைக் குறைக்க சிமுலேட்டர் நல்ல வழியா? என் கணிப்பில் இல்லை. அதிகபட்சமே 100. அதே சமயம், போதுமான விமானத்துறைப் பாடங்களோடு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இளங்கலைப் பட்டம் முடித்தவருக்குக் கட்டுப்பாடுள்ள ஏ.டி.பி. (துணை விமானியாக மட்டும் உட்காரலாம்) 1,000 மணியிலேயே கிடைக்கிறது. இரண்டாண்டுப் பட்டத்துக்கு 1,250, ராணுவ விமானிக்கு 750. வகுப்பறைக்கு 500 மணி தள்ளுபடி, நிஜ காக்பிட்டை அப்படியே வைத்திருக்கும் கருவிக்கு 100 மட்டும் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஐரோப்பாவுக்குப் போனாலும் இது மாறாது. அங்கும் 1,500-இல் 100 தான் உச்சவரம்பு. எம்.பி.எல். என்ற தனிப் பாதையில் மட்டும் சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணிப் பயிற்சியில் துணை விமானியாக உட்கார முடியும்.

1,500 மணி என்ற இந்த வரம்பு ஏன் இவ்வளவு இறுக்கம் என்பதற்குப் பின்னால் 2009 பிப்ரவரி 12 இரவு இருக்கிறது. நெவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் 3407 விமானம் தரையிறங்கும் முன் வேகம் இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்று கட்டுப்பாட்டுக் கோல் கையில் அதிர்ந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக கேப்டன் கோலைப் பின்னால் இழுத்தார். அதன் விளைவாக 2010-இல் சட்டம், 2013-இல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. கட்டாயம் என்ற விதி. ஆனால் அந்த இரண்டு விமானிகளிடமும் 1,500-க்கு மேல் மணிகள் இருந்தன. இல்லாமல் போனது, அந்த அதிர்வைப் பழகிய கை.

அந்தப் பழக்கத்தை எங்கே கொடுப்பது? ஆட்களை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் யாரும் ஒரு ஜெட்டை ஸ்டால் ஆக்கி, அதாவது வேகம் இழந்து இறக்கை தூக்காத நிலைக்குக் கொண்டுபோய், பழகமாட்டார்கள். சிமுலேட்டரில் பயிற்றுநர் பின்னால் இருந்து திரையைத் தட்டி இறக்கையில் பனியை ஏற்றுவார், கோல் நடுங்கும், தப்பாக இழுத்தால் திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தித் தொடங்குவார். 2014 ஆகஸ்டிலிருந்து ஏ.டி.பி. எழுத்துத் தேர்வுக்கு முன் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சியில் 30 மணி வகுப்பும் 10 மணி சிமுலேட்டரும் உண்டு. அந்த 10-இல் 6 மணியாவது 40,000 பவுண்டுக்குக் குறையாத பல எஞ்சின் டர்பைன் விமானத்தின் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில் இருக்க வேண்டும். பஃபலோவுக்கு நேரடியான பதில் இந்த 10 மணியில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆனால் சிமுலேட்டரால் தர முடியாததும் உண்டு. பக்கவாட்டுக் காற்று தள்ளும் நேரத்தில், கோபுரத்திலிருந்து புரியாத வேகத்தில் உத்தரவு வர, முன்னால் ஒரு விமானம் ஓடுபாதையை இன்னும் விடாமல் நிற்க, பக்கத்தில் ஒரு மாணவன் பயந்துபோய்ப் பெடலை அழுத்திக்கொண்டிருக்க, முடிவெடுக்க வேண்டியது நீங்கள் மட்டும்: இது இன்ஸ்ட்ரக்டர் வேலையில் அன்றாடம் வரும். தப்பு செய்தால் நிறுத்தித் தொடங்க பொத்தான் இல்லை.

2023-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மசோதாவில் சிமுலேட்டர் வரம்பான 100-ஐ 250 ஆக்கும் யோசனை வந்தது. விமானிகள் சங்கமும், ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டிய செனட்டர் டாமி டக்வொர்த்தும் எதிர்த்தார்கள். சபையிலேயே வாக்கெடுப்பில் அது நீக்கப்பட்டது. 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் பழைய வரம்பே நிலைத்தது. தரமான சிமுலேட்டரில் குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மணி கொடுப்பதை நான் ஆதரிப்பேன். எந்தப் பயிற்சி என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கூட்டுவதை ஆதரிக்கமாட்டேன்.

இப்போது கையில் 1,200 மணி வைத்திருப்பவருக்கு: இன்ஸ்ட்ருமென்ட் குறைந்தால் ஏ.ஏ.டி.டி.யில் இன்ஸ்ட்ரக்டரோடு முடியுங்கள். பல எஞ்சின் குறைந்தால் 25 வரை பறந்துவிட்டு நிறுவனத்தின் சிமுலேட்டருக்கு மீதியை விடுங்கள். இரவும் தொலைதூரமும் குறைந்தால் ஆகாயம்தான், வேறு வழியில்லை. அப்புறம் ஒன்று: லாக்புக்கில் சிமுலேட்டருக்குத் தனிப் பத்தி ஒதுக்கி, கருவியின் வகையையும் பயிற்சித் திட்டத்தின் பெயரையும் அன்றன்றே எழுதிவிடுங்கள். தேர்வாளர் முதலில் விரல் வைப்பது அந்தப் பத்தியில்தான்.