கையேட்டு எண்ணா, எடைமேடைக் கணக்கா?

காரின் பின்னால் டிரெய்லர் மாட்டி எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பார்க்க இரண்டு வழி உண்டு. கையேட்டில் 'அதிகபட்ச இழுவை எடை' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி, காரை எடைமேடையில் நிறுத்திக் கணக்குப் போடுவது மற்றொன்று.

முதல் வழி சுலபம். சின்ன டிரெய்லர், காரில் ஒருவரோ இருவரோதான் என்றால் அதுவே போதும். ஆனால் அந்த எண் பெரும்பாலும் கார் கிட்டத்தட்ட காலியாக இருப்பதாக வைத்துச் சொல்லப்படுவது.

கையேட்டு எண் 1,800 கிலோ, காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்சவரம்பு 3,500, காருக்கு மட்டும் 2,000 என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு ஏறியதும் கார் 1,880 காட்டுகிறது. 3,500-இல் அதைக் கழித்தால் மிச்சம் 1,620. அத்தோடு முடியவில்லை. டிரெய்லர் எடையில் 10 சதவீதம் கொக்கி வழியாகக் காரின் மேலேயே அழுத்துகிறது என்றால், காருக்கு மிச்சமுள்ள 120 கிலோவுக்குள் அது அடங்க வேண்டும். அப்படியானால் டிரெய்லர் 1,200 கிலோதான். கையேடு சொன்னதைவிட 600 குறைவு!

கொக்கிக்கும் டயருக்கும் தனித்தனி வரம்பு உண்டு; எது குறைவோ அதுதான் கணக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வரம்பு இன்னும் கீழே.

எடைமேடைக்குப் போவது கொஞ்சம் அலைச்சல்தான். ஆனாலும் மலைச்சாலை, நீண்ட இறக்கம், பின்சீட்டில் குழந்தைகள் என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அப்புறம், டிரெய்லரையும் சாமான் ஏற்றியே எடை போடுங்கள். காலி எடையை நம்ப வேண்டாம்.